கித்தானில் ஓர் ஓட்டை

டெவென்டர்
ஜனவரி 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

நெல்லெக்கெ எழுதுகிறேன். புது வருஷம் பிறந்து ஒன்பது நாள் கழித்து வாழ்த்துச் சொல்கிறேன் என்றால், ஏன் என்று உனக்கே தெரியும். நாங்கள் மூவரும் சுகம். உன் வலது முழங்கால் எப்படி இருக்கிறது? ஊவெ இன்னும் உன் படகில்தான் வேலை பார்க்கிறாரா, இல்லை உன் சமையல் தாங்காமல் ஜெர்மனிக்கே ஓடிவிட்டாரா?

நீயும் நானும் ஃபோனில் பேசினால் மூன்றாவது நிமிஷம் சண்டை வருகிறது. அதனால் இனிமேல் கடிதம். தபாலில் எழுதினால் நீ பாதியில் துண்டிக்க முடியாது.

கிறிஸ்துமஸ் அன்று நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன், பிறகு நழுவாதே. "நீச்சலில் ஏ சான்றிதழ் வாங்காத பிள்ளை என் படகுல கால் வைக்கக்கூடாது. பேச்சே கிடையாது." சொல்லிவிட்டு ஃபோனை வைத்துவிட்டாய். ஆஃப்கெ பக்கத்திலேயே நின்றாள். கோடை விடுமுறையில் மாமாவின் சரக்குப் படகில் சுவிட்சர்லாந்தின் பாசல் வரை போகிறேன் என்று வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். ஒன்பது வயதாகிறது, இன்னும் நீச்சலில் அந்த முதல் சான்றிதழ் இல்லை. அவள் வகுப்பில் அது இல்லாதது அவள் ஒருத்திதான்.

நீச்சல் தெரியாமல் இல்லை. மீன் மாதிரி நீந்துகிறாள். முதல் தேர்வில் விசில் ஊதுமுன் குதித்தாள், அதுவும் வேறொரு பிள்ளையின் தலைமேல். டிசம்பரில் நடந்த இரண்டாவது தேர்வில், தண்ணீருக்கடியில் தொங்கும் கித்தான் இருக்கிறதே, அதன் ஓட்டைக்குள் நுழைந்து மறுபக்கம் வர வேண்டும். பாதி வழியில் மேலே வந்து வேடிக்கை பார்த்தாள். மாத்திரை காலையில் போடுகிறாள், நாலு மணிக்கு அதன் வேலை முடிந்துவிடும். நீச்சல் வகுப்பு ஐந்தரைக்கு. நான் என்ன செய்ய?

செய்ய வேண்டியதைக் கண்டுபிடித்துவிட்டேன். ஏடிஎச்டி என்னும் கவனச்சிதறல் உள்ள பிள்ளைகளுக்கு மனக்கவனப் பயிற்சி என்று ஒன்று இருக்கிறது, மூச்சைக் கவனிக்கப் பழக்குவார்கள். எட்டு புதன்கிழமை, மதியம். ஒரு அறையில் பிள்ளைகள், அடுத்த அறையில் பெற்றோர். மூன்றாவது தேர்வு ஏப்ரல் 20, சனிக்கிழமை, காலை பத்து மணி. நானே நாள்காட்டியில் எண்ணிப் பார்த்தேன், பயிற்சி முடிந்து சரியாக ஒரு மாதம் இருக்கிறது. இந்தத் தடவை அவள் வாங்குவாள். நீயும் வந்து பார்க்கிறாய். இரண்டு தடவை வராமல் ஏமாற்றினது போதும்.

சளி பிடிக்காமல் உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை,
நெல்லெக்கெ


மான்ஹைம்
ஜனவரி 28

அன்புள்ள நெல்லி,

உன் கடிதம் டோர்ட்ரெக்ட்டில் படகுக்கு எண்ணெய் போடும் இடத்தில் பத்து நாள் கிடந்து என் கைக்கு வந்தது. முழங்கால் மழைக்கு முன்பே மழையைச் சொல்கிறது. ஊவெ இருக்கிறார். ஆறு மணி நேரம் நான் ஓட்டுகிறேன் அவர் தூங்குகிறார், ஆறு மணி நேரம் அவர் ஓட்டுகிறார் நான் தூங்குகிறேன். பதினாலு வருஷத்தில் நாங்கள் சேர்ந்து முழித்திருந்தது மொத்தம் ஒரு மாதம் இருக்கும். அதனால்தான் இன்னும் சண்டை வரவில்லை. இப்போது ஆயிரத்து நூறு டன் மக்காச்சோளம் ஏற்றியிருக்கிறோம்.

மூச்சு விடச் சொல்லிக்கொடுக்க எட்டு வாரமா? பிறந்த அன்றே ஓசியில் கற்றுக்கொண்டாளே. பெரியவர்களுக்கும் தனி அறை என்கிறாய். அங்கே என்ன, காப்பி குடிக்கவா?

சட்டம் சட்டம்தான். சான்றிதழ் வந்தால் படகு. ஏப்ரல் மாதத்துச் சரக்கு எனக்கு ஏப்ரலில்தான் தெரியும்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். கித்தானுக்குப் பாதி வழியில் மேலே வந்தாளே, அது பயந்து வந்ததா, மறந்து வந்ததா? இரண்டும் ஒன்றில்லை. கேட்டுப் பார்.

எல்லோரும் சுகமாயிருங்கள்.

ரூலோஃப்


டெவென்டர்
பிப்ரவரி 15

அன்புள்ள அண்ணா,

இங்கே மூவருக்கும் சளி, மற்றபடி சுகம். முழங்காலுக்குக் கம்பளிப் பட்டை போடச் சொன்னேனே, போட்டாயா?

உன் கிண்டலைப் பயிற்சியில் வாசித்துக் காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள். நடத்துகிற லிஸ்பெத் அம்மாள், "உங்க அண்ணனையும் கூட்டிட்டு வாங்க, காப்பி உண்டு" என்றார்.

முதல் வாரம் ஒரே ஒரு உலர்திராட்சை. அதை வேற்றுக் கிரகத்திலிருந்து வந்தவர்கள் பார்ப்பது போலப் பார்த்து, முகர்ந்து, மெதுவாகத் தின்ன வேண்டும். ஆஃப்கெ முகர்ந்து முகர்ந்து மூக்குக்குள்ளேயே ஏற்றிவிட்டாள். சாமணத்தால் எடுத்தார்கள். போச்சு, அனுப்பிவிடப் போகிறார்கள் என்று நினைத்தேன். அனுப்பவில்லை.

இரண்டாவது வாரம்தான் எனக்கு ஆச்சரியம். ஐந்து நிமிஷம் மூச்சைக் கவனிக்க வேண்டும், மனசு வேறெங்காவது ஓடிவிட்டால் ஒரு விரலை மடக்க வேண்டும். அந்தோ பரிதாபம் என்று அடுத்த அறையில் உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்தவள் சத்தமாகவே சொன்னாள்:

"அம்மா, நான்தான் முதல். முப்பத்தொண்ணு."

"என்ன முப்பத்தொண்ணு?"

"முப்பத்தொரு தடவை ஓடிப்போச்சு. மத்தவங்கல்லாம் ஏழு, எட்டுதான்."

"அது நல்லதா?"

"ஓடினதை முப்பத்தொரு தடவை கண்டுபிடிச்சிருக்கேன்ல. லிஸ்பெத் கைதட்டினாங்க."

அண்ணா, இந்தப் பிள்ளை எதிலாவது முதல் என்று வீட்டுக்கு வந்தது இதுதான் முதல் தடவை. காரில் ஏறி நான் அழுதுவிட்டேன், அவளுக்குத் தெரியாமல்.

நானும் சும்மா இல்லை. கழிப்பறையில் பிறந்தநாள் காலண்டர் தொங்குகிறதே, அதன் பக்கத்திலேயே பயிற்சி அட்டவணை போட்டுவிட்டேன். காலை ஐந்து நிமிஷம், மாலை பத்து நிமிஷம், வாரத்துக்கு வாரம் முன்னேற்றம், ஏப்ரல் 20க்குச் சிவப்பு வட்டம். படம் எடுத்து லிஸ்பெத்திடம் காட்டினேன். பாராட்டுவார் என்று பார்த்தால், "இதுல உங்களுக்கான பத்து நிமிஷம் எங்க?" என்றார். பெரியவர்களுக்கும் வீட்டுப்பாடமாம். எனக்கு எதற்கு என்று கேட்டேன். பாஸ்டியானிடம் சொன்னால் அவர் விழுந்து விழுந்து சிரிக்கிறார். கட்டிய கணவன்.

நீ கேட்டதைக் கேட்டேன். பயமில்லை, மறக்கவும் இல்லை என்கிறாள். "சும்மா பாத்தேன்." அவ்வளவுதான் பதில்.

ஏப்ரல் 20. எழுதி வை.

அன்புடன்,
நெல்லெக்கெ


கொலோன்
பிப்ரவரி 27

நெல்லி,

சுகம். பட்டை போட்டேன், அரிக்கிறது. வெள்ளம் வந்து ஆற்றில் படகு விடுவதை நிறுத்திவிட்டார்கள், நாலு நாளாகக் கட்டிப் போட்டுக் கிடக்கிறோம். ஊவெயும் நானும் ஒரே நேரத்தில் முழித்திருக்கிறோம், ஆபத்துதான்.

முப்பத்தொன்று நல்ல எண்ணிக்கை. அவளிடம் சொல்.

ஏப்ரல் 20ஐ நம்பி இருக்காதே. வெள்ளத்தால் சரக்கெல்லாம் தள்ளிப்போகிறது.

ரூலோஃப்


டெவென்டர்
மார்ச் 6

அன்புள்ள ரூலோஃப் மாமா,

நலமா? நான் நலம். பூனைதான் நலமில்ல, கம்பள நூலைத் தின்னுடுச்சு, அது வேற கதை.

எங்க பயிற்சியில வீட்டுப்பாடம் குடுத்திருக்காங்க. ஒரு பெரியவருக்கு நாம கத்துக்குடுக்கணும். அப்பாவுக்குச் சொல்லிக்குடுத்தேன், தூங்கிட்டார். அம்மாவுக்கு அவங்க அறையில வேற ஆளு சொல்லிக்குடுக்குறாங்க. அதனால நீங்க.

படகை நிறுத்தி இருக்கறப்பதான் செய்யணும், ஓட்டும்போது வேணாம். உக்காந்துக்கணும். கால் ரெண்டும் தரையில இருக்கா பாக்கணும். மூச்சை எதுவும் பண்ணக்கூடாது, சும்மா அது போறதைப் பாக்கணும். மனசு ஓடிட்டா விரலை மடக்கணும். திட்டக்கூடாது. திரும்பக் கூட்டிட்டு வரணும். அஞ்சு நிமிஷம். எத்தனை தடவைன்னு எழுதுங்க. பொய் எழுதக்கூடாது.

மூணு கேள்வி. ஒண்ணு, ஊவெ குறட்டை விடுவாரா? ரெண்டு, படகுல என் கட்டில் எந்தப் பக்கம், ஜன்னல் இருக்கா? மூணு, உங்களுக்கு ஏ கிடைச்சப்ப எத்தனை வயசு, கித்தான் ஓட்டைக்குள்ள கண்ணைத் திறந்துட்டுப் போனீங்களா மூடிட்டா?

அன்பு முத்தம்,
ஆஃப்கெ


ஸ்ட்ராஸ்பர்க்
மார்ச் 21

அன்புள்ள ஆஃப்கெ,

பூனைக்கு இப்போது தேவலையா? நானும் ஊவெயும் நலம்.

வீட்டுப்பாடம் செய்தேன். படகுகளை ஏற்றி இறக்கும் மதகில் எங்கள் முறை வரும்வரை நேரம் இருந்தது. நாற்பத்து நாலு. பொய் இல்லை. ஐந்து நிமிஷம் இவ்வளவு நீளம் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. முதல் இடம் இனி எனக்குத்தான், மன்னிக்கணும்.

ஊவெ விடுவது குறட்டை இல்லை. கரையில் நிற்கிறவர்கள் எங்கள் எஞ்சின் பழுதாகிவிட்டது என்று கைகாட்டி நிறுத்துகிறார்கள். உன் கட்டில் முன்பக்க அறையில், இடது பக்கம். வட்ட ஜன்னல் உண்டு, தட்டு அளவு இருக்கும். வாத்துகள் உன் மூக்குக்கு நேராக நீந்திப் போகும். போன வாரம் அந்த அறைக்குப் பெயின்ட் அடித்தேன். மஞ்சள். பிடிக்காவிட்டால் சொல், மாற்றிவிடலாம்.

அம்மாவிடம் கேட்டதாகச் சொல்.

மாமா


டெவென்டர்
ஏப்ரல் 3

அன்புள்ள அண்ணா,

ஈஸ்டர் நல்லபடியாகப் போயிற்று. நீ எப்படி இருக்கிறாய்? பயிற்சி முடிந்துவிட்டது. கழிப்பறை அட்டவணையை நானே கிழித்துப் போட்டேன். ஏன் என்று சொல்கிறேன், சிரிக்காதே.

ஆறாவது வாரம் எங்களுக்குக் கொடுத்த வேலை, பிள்ளையை ஒரு இடத்தில் பத்து நிமிஷம் வெறுமனே பார்ப்பது. திருத்தக்கூடாது, உதவக்கூடாது, பார்க்க மட்டும் வேண்டும். நான் நீச்சல் வகுப்பைத் தேர்ந்தெடுத்தேன். அங்கே பெற்றோரெல்லாம் கண்ணாடிக்கு இந்தப் பக்கம்தான் உட்காருவோம். மூன்று வருஷமாக நான் உட்காருகிற இடம். வழக்கமாக என்ன செய்வேன் தெரியுமா, கண்ணாடியைத் தட்டுவேன். 'கேள்', 'ஆசிரியரைப் பார்', 'காலை மடக்கு' என்று கையால் சைகை காட்டிக்கொண்டே இருப்பேன். பக்கத்தில் இருக்கிறவர்கள் என்னைப் போக்குவரத்துப் போலீஸ் என்றே கூப்பிடுவார்கள்.

அன்றைக்குக் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தேன். அண்ணா, அவள் ஒவ்வொரு தடவை தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கும்போதும் என்னைத்தான் தேடுகிறாள். ஆசிரியர் மென்னோ பேசும்போதும் கண் கண்ணாடியில்தான். என் முகத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்ததைச் செய்கிறாள். டிசம்பரில் கித்தானுக்குப் பாதி வழியில் மேலே வந்தாளே, சும்மா பார்த்தேன் என்றாளே. அவள் பார்த்தது என்னை. மூன்று வருஷமாக அவள் கவனத்தைக் கலைத்த ஆள் நான்தான், அதற்கு அவளைப் பயிற்சிக்கு அனுப்பியிருக்கிறேன். வீட்டுக்கு வந்தோம். பிறகு அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல, நீ கைகாட்டுறது தமாஷா இருக்கும்" என்றாள். பெரிய மனுஷி.

இனி உன் விஷயம். ஆஃப்கெயின் மூன்றாவது கேள்விக்கு நீ பதில் எழுதவில்லை. இதுவரை நாலு தடவை கேட்டுவிட்டாள். மாமாவுக்கு எட்டு வயதில் கிடைத்திருக்கும் என்று நான் சொல்லி வைத்திருக்கிறேன். வியாழக்கிழமை தோறும் நீ பள்ளிப் பேருந்தில் நீச்சலுக்குப் போய் வருவாய், உன் ஈர உடையை அம்மா குளியலறைக் கம்பியில் காயப்போடுவாள், எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

படகு, வெள்ளம், மக்காச்சோளம் எதையும் எழுதாதே. ஏப்ரல் 20 வருகிறாயா, இல்லையா?

உன் தங்கை,
நெல்லெக்கெ


டெவென்டர்
ஏப்ரல் 22

அன்புள்ள அண்ணா,

பதில் போடவில்லை. வரவும் இல்லை. சரி. நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நடந்ததைக் கேள்.

போகிற வழியில் சைக்கிளை நிறுத்தி அவளிடம் சொன்னேன்.

"நான் கடைசி வரிசையில உக்காரப் போறேன். தேடாத."

"கைகாட்ட மாட்டியா?"

"மாட்டேன்."

"உன்னால முடியாதும்மா."

"கை ரெண்டையும் தொடைக்கடியில வச்சுக்கறேன்."

"அப்ப சரி."

அப்படித்தான் உட்கார்ந்தேன். இரண்டு கையும் மரத்துப்போய்விட்டன. எட்டுப் பிள்ளைகள், தேர்வு விதிப்படி சட்டை, காலுறை, செருப்போடு வரிசையாக நின்றார்கள். விசிலுக்கு முன்னாலேயே ஒரு பிள்ளை குதித்தது. அது என் பிள்ளை இல்லை. ஆஃப்கெயின் முழங்கால் மடங்கியது, உடம்பு முன்னால் சாய்ந்தது, நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தால் அவள் நிற்கிறாள். விசில் ஊதிய பிறகுதான் குதித்தாள்.

கித்தானுக்கு வந்தது. முதல் தடவை உள்ளே போனவள் கித்தானைத் தொடுமுன்னே மேலே வந்துவிட்டாள். என்னைத் தேடவில்லை, மூச்சுப் போதவில்லை. இன்னொரு வாய்ப்பு உண்டு. படியேறி வந்து மறுபடி விளிம்பில் நின்றாள். நின்றாள், நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள். பின்னாலிருந்த பிள்ளைக்குக் குளிர்.

"சீக்கிரம் போயேன்."

"இரு. நான் இன்னும் இங்க வந்து சேரல."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. கால் விரலைப் பார்த்தாள், நாலு மூச்சு விட்டாள், இறங்கினாள். கித்தானுக்கு மறுபக்கம் அவள் தலை வெளியே வந்தபோது மென்னோ விசிலைக் கீழே போட்டுவிட்டுக் கைதட்டினார்.

சாயங்காலம் உருளைக்கிழங்குப் பொரியல் வாங்கித் தின்றோம். சான்றிதழைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே தூங்கினாள். சட்டத்தை அவள் காப்பாற்றிவிட்டாள். விடுமுறை ஜூலை 13 தொடங்குகிறது. எங்கே கொண்டு வந்து விட வேண்டும், என்றைக்கு?

நெல்லெக்கெ


டெவென்டர்
மே 21

அண்ணா,

ஒரு மாதம் ஆகிறது. நீ உயிரோடு இருப்பது எண்ணெய் போடும் இடத்தில் விசாரித்ததில் தெரியும், என் கடிதத்தை வாங்கிக்கொண்டு போனதும் தெரியும்.

தினமும் பள்ளி விட்டு வந்து தபால் பெட்டியைப் பார்க்கிறாள். நேற்று, "மாமாவுக்கு மனசு மாறிடுச்சா?" என்று கேட்டாள். நான் என்ன சொல்வேன்? இந்தப் பிள்ளையைப் பள்ளியில், பிறந்தநாள் விழாவில், எங்கேயும் 'அப்புறம் பார்க்கலாம்' என்று சொல்லித்தான் தள்ளியிருக்கிறார்கள். நீயும் அந்தக் கூட்டத்தில் சேராதே. அவள் அடங்கமாட்டாள், உனக்குத் தொந்தரவு என்று நினைத்தால் அதையாவது எனக்கு எழுது. நான் தாங்குவேன்.

நெல்லெக்கெ


நைமேகன்
ஜூன் 2

அன்புள்ள நெல்லி,

இதை ஆறு தடவை எழுதிக் கிழித்தேன். நலம் விசாரிப்பதெல்லாம் கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.

ஏப்ரல் 20 காலை என் படகு டெவென்டரில்தான் நின்றது. ஆறரைக்கே கட்டிவிட்டோம். சவரம் செய்து, நல்ல சட்டை போட்டு, நடந்து வந்தேன். நீச்சல் கூடத்தின் வாசல் வரை வந்தேன். கதவு திறந்தது, அந்தக் குளோரின் வாடை அடித்தது, என் கால் நின்றுவிட்டது. ஐம்பது வயசு ஆள். சுற்றிக்கொண்டு சைக்கிள் நிறுத்துமிடத்துப் பக்கம் போனேன், அங்கே ஒரு ஜன்னல் இருக்கிறது. அவள் இரண்டாவது தடவை விளிம்பில் நின்றதை அதன் வழியாகத்தான் பார்த்தேன். அவள் மூச்சு விட நானும் வெளியே நின்று மூச்சு விட்டேன். அவள் தலை மறுபக்கம் வந்ததும் திரும்பி நடந்துவிட்டேன்.

நான் ஏ வாங்கவில்லை. எனக்கு நீச்சல் தெரியாது. பள்ளியில் மூன்றாவது வியாழக்கிழமை, நான் வரிசையில் நிற்காமல் ஓயாமல் துள்ளிக்கொண்டிருந்தேன் என்று, ஆசிரியர் கொக்கிக் கழியால் என் தோளை அழுத்தித் தண்ணீருக்குள்ளேயே வைத்திருந்தார். பத்து நொடி இருக்கும். மேலே விட்டபோது எல்லோரும் சிரித்தார்கள். ஆஃப்கெக்கு இருக்கிறதற்கு இன்று ஒரு பெயர் இருக்கிறது. எனக்கு இருந்ததற்கு அடங்காதவன் என்று பெயர். அதற்குப் பிறகு ஒரு வியாழக்கிழமையும் நான் உள்ளே போகவில்லை. அம்மா காயப்போட்டாளே, அந்த ஈரம் பள்ளிக் கழிப்பறைக் குழாயில் நானே நனைத்தது.

படகில் வேலை பார்க்கிறவர்களில் நீச்சல் தெரியாதவர்கள் உண்டு, யாரும் கேட்பதில்லை. நான் ஓட்டும்போது ஊவெ தூங்குவார். அந்த ஆறு மணி நேரத்தில் ஆஃப்கெ தவறி விழுந்தால் நான் மேலே நின்று கத்தலாம், அவ்வளவுதான். குதிக்க என்னால் முடியாது. இதைச் சொல்ல வாய் வரவில்லை, சட்டம் போட்டேன். அவள் இரண்டு தடவை தோற்றபோது எனக்கு நிம்மதியாக இருந்தது, நெல்லி. ஒரு பிள்ளை தோற்றதில் நான் நிம்மதிப்பட்டேன். இதுதான் எனக்கு வெட்கம், மற்றது எதுவும் இல்லை. மனசார அவள் வர வேண்டும் என்றுதான் அந்த மஞ்சள் பெயின்டும் அடித்தேன். இரண்டும் உண்மை.

அவளைக் கூட்டிப்போக முடியாது. எப்படிச் சொல்வது என்று உனக்குத் தெரிந்தால் சொல்லிவிடு. பாஸ்டியான் நலமா? நீ நலமா?

ரூலோஃப்


டெவென்டர்
ஜூன் 8

அன்புள்ள ரூலோஃப் மாமா,

நலமா? பூனை நலம். அம்மா உங்க கடிதத்தை எனக்கு முழுசாப் படிச்சுக் காட்டினாங்க. நடுவுல ரெண்டு தடவை நிறுத்தி மூக்கைச் சிந்தினாங்க.

மாமா, நீங்க பண்ணினது நியாயம் இல்ல. ஏ இல்லாதவங்க படகுல கால் வைக்கக்கூடாதுன்னு நீங்கதான் சொன்னீங்க. அப்ப நீங்க இத்தனை வருஷமா எப்படிக் கால் வச்சீங்க? இறங்குங்க.

அந்த வாத்தியார் மேல எனக்குச் சரியான கோவம். நாப்பது வருஷம் ஆச்சுன்னு அம்மா சொன்னாங்க. எனக்கு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது, அதனால இன்னிக்குத்தான் கோவம்.

பெரியவங்களுக்கு நீச்சல் வகுப்பு இருக்கு, மென்னோகிட்ட கேட்டேன், எல்லா ஊர்லயும் இருக்காம். கழி கிடையாதாம். நீங்க முதல் நாளே தண்ணியில இறங்க வேணாம். வாசல்ல நில்லுங்க. கால் தரையில இருக்கா பாருங்க. வாடை வந்தா வாடை வருதுன்னு சொல்லிக்கோங்க. ஓடணும்னு தோணுச்சுன்னா விரலை மடக்குங்க. அப்புறம் வீட்டுக்குப் போங்க. அது தோத்தது இல்ல. அடுத்த நாள் இன்னும் கொஞ்சம் உள்ள.

நான் காத்திருப்பேன். எவ்ளோ நாள்னு மட்டும் எழுதுங்க.

ஆஃப்கெ

(அண்ணா, இது முழுக்க அவளே எழுதியது. 'இறங்குங்க' என்ற இடத்தை எடுத்துவிடச் சொன்னேன், கேட்கவில்லை. நீ பட்டது எனக்குத் தெரியாமல் போய்விட்டதே. உன் மேல் கோபம் எல்லாம் போய்விட்டது. நெ.)


நைமேகன்
ஜூலை 4

அன்புள்ள ஆஃப்கெக்கும் நெல்லிக்கும்,

நலம். முழங்காலும் நலம், தண்ணீர் அதற்கு நல்லது என்கிறார்கள்.

இங்கே செவ்வாயும் வெள்ளியும் பெரியவர்களுக்கு வகுப்பு. சரக்கை அதற்குத் தகுந்த மாதிரி மாற்றிக்கொண்டேன், ஊவெ முனகுகிறார். முதல் செவ்வாய் வாசலில் நின்றேன். விரல் எல்லாம் மடங்கித் தீர்ந்துவிட்டது, திரும்பிவிட்டேன். வெள்ளிக்கிழமை உடை மாற்றும் அறை வரை போனேன். மூன்றாவது தடவை படியில் உட்கார்ந்து முழங்கால் வரை. ஆசிரியைக்கு இருபத்தைந்து வயசு இருக்கும். "அவசரமே இல்ல, ஐயா, தண்ணி எங்கயும் போயிடாது" என்றாள். எங்கள் வகுப்பில் ஏழு பேர். ஒரு ரொட்டிக்கடைக்காரர், ஒரு நர்ஸ், என்னைவிட மூத்த ஒரு அம்மாள். ஒருவரும் சிரிக்கவில்லை. போன வெள்ளி மார்பு வரை இறங்கினேன். பக்கக் கம்பியைப் பிடித்த கையை எடுக்கச் சொன்னாள். எடுத்தேன். பிறகு உடனே பிடித்துக்கொண்டேன்.

ஆஃப்கெ, நீ கேட்டது நியாயம். ஆனால் நான் இறங்கிவிட்டால் மக்காச்சோளம் தானாக பாசல் போகாது. நீயும் காத்திருக்க வேண்டாம், நான் அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறேன். உன் அம்மாவிடம் ஏ, பி, சி மூன்று சான்றிதழும் இருக்கிறது. அவளும் வரட்டும். உயிர்காப்புச் சட்டை நீயும் போட வேண்டும், நானும் போடுவேன். நெல்லி, ஜூலை 15, திங்கட்கிழமை, டெவென்டர் படித்துறை, காலை ஏழு மணி. படகில் தண்ணீருக்குள் குதிக்கத் தெரிந்த ஆள் நீதான். பதினொரு நாள் ஒரே படகில், சண்டை போட ஃபோனும் தேவைப்படாது.

இன்னொன்று. என் தேர்வு டிசம்பர் 14, சனிக்கிழமை, மதியம் இரண்டு மணி. கித்தானும் உண்டு. வகுப்பில் எல்லோரும் குடும்பத்தைக் கூப்பிடுகிறார்கள். உங்களுக்கு வேலை இருக்கும், குளிர்காலம் வேறு, வராவிட்டாலும் பரவாயில்லை என்று இதே தாளில் எழுதியிருந்தேன். அதை இப்போது அடித்துவிட்டேன். வாங்க. முன் வரிசையிலேயே உட்காருங்க, எனக்குத் தெரிகிற மாதிரி.

உங்கள்,
ரூலோஃப்